மறுபடியும் மயானமா?

எர்ணாவூரில் தம்பி வீடு. கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஆயுசு போய்விடும். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். தம்பி பேரன் ‘போகிமான்’ பார்த்துக்கொண்டிருந்தான். பாதியிலேயே போனை அணைத்துவிட்டான்.

‘‘ஏன்டா?’’

‘‘போர் தாத்தா. அந்த மூணு பேர் வருவாங்க. குழி தோண்டுவாங்க. பிக்காச்சு ஷாக் குடுக்கும். கத்திக்கினே வானத்துல பறந்துடுவாங்க. எப்பப் பாத்தாலும் இதான்!’’

1997-ல் ஜப்பானில் ஆரம்பித்த தொடர். நாயகன் ஆஷுக்கு அப்போது பத்து வயசு. 2022-ல் உலக சாம்பியன் ஆனபோதும் அதே பத்து வயசுதான்! 2023-ல்தான் அவனுக்கு விடை கொடுத்துவிட்டுப் புது நாயகர்களைக் கொண்டுவந்தார்கள்.

பையனின் சலிப்பு நம்ம ஊருக்குப் புதுசில்லை. எர்ணாவூருக்குத் தெற்கே, ஜார்ஜ் டவுன் கொட்டகைகளில் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே அது வந்தாயிற்று.

1931 அக்டோபர் 31. கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானது. படம் பேசுகிறது, பாடுகிறது! ஜனங்கள் அசந்துபோனார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1932-ல் ‘அரிச்சந்திரா’. 1933-ல் ‘வள்ளி திருமணம்’. 1934-ல் ஒரே வருஷத்தில் இரண்டு ‘திரௌபதி வஸ்திராபகரணம்’! 1933, 1935, 1942 என்று பத்து வருஷத்துக்குள் மூன்று ‘நந்தனார்’.

ஏன் இப்படி? எல்லாம் துட்டு பயம்தான். 1934-ல் சீனிவாசா சினிடோன் வரும்வரை சென்னையில் பேசும்பட ஸ்டுடியோவே கிடையாது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேற வேண்டும். நாடகக்காரர்களுக்கு வசனமும் பாட்டும் மனப்பாடம். கூட்டிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும். ஜனங்களுக்கும் தெரிந்த கதை, முதலுக்கு மோசமில்லை என்று நினைத்தார்கள்.

ஆனால், எத்தனை தடவைதான் அரிச்சந்திரன் மயானத்துக்குப் போவான்?

1935-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த ‘மேனகா’ வந்தது. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் நாவல். கிரீடமும் கதாயுதமும் இல்லை. நம்ம வீட்டுப் பெண் படும் பாடு. படம் ஓடியது. அங்கே திறந்த கதவு வழியாக 1939-ல் ‘தியாகபூமி’, 1952-ல் ‘பராசக்தி’ எல்லாம் வந்தன.

அப்படியானால் புராணம் செத்துப்போச்சா? அதுவும் இல்லை. 1965-ல் ஏ.பி.நாகராஜன் ‘திருவிளையாடல்’ எடுத்தார். கதை என்னவோ பழசுதான். ஆனால், அவருடைய சிவன் சண்டை போட்டார், கேலி பேசினார், தருமியின் கேள்விகளுக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொன்னார். தங்கசாலை கிரவுன் தியேட்டரில் வெள்ளிவிழா! உடனே அதுவே ஃபார்முலா ஆனது. ‘சரஸ்வதி சபதம்’, ‘திருவருட்செல்வர்’, ‘கந்தன் கருணை’, ‘திருமால் பெருமை’ என்று மூன்றே வருஷத்தில் வரிசை கட்டின. மறுபடி அலுப்பு.

ஜனங்களுக்குப் பழைய கதை மேல் கோபம் கிடையாது. ‘இவன் எதைக் கொடுத்தாலும் பார்ப்பான்’ என்று தங்களை நினைக்கும்போதுதான் எழுந்து போகிறார்கள்.

‘‘நீ ஒரு கதை சொல்லு தாத்தா’’ என்றான் பையன். அரிச்சந்திரனைச் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டான். முடிந்ததும் ஒரு கேள்வி:

‘‘உண்மை பேசணும்னு புள்ளையை வித்தாரே... அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?’’

எனக்கு பதில் தெரியவில்லை. 1968-ல் சிவாஜி நடித்தது வரை அத்தனை அரிச்சந்திரா வந்தும், லோகிதாசன் பக்கத்துக் கதை இன்னும் பாக்கி இருக்கிறது.