வெளுப்புத் தூளும் வெந்த கைகளும்

துணி வெளுக்கவும் தரை கழுவவும் நாம் கையாளும் பிளீச்சிங் பவுடருக்கு 1799-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் டென்னன்ட். அதுவரை மேற்கு நாடுகளில் துணியை மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்து வெயிலில் வெளுத்து வந்தனர். மாதங்களின் வேலை நாட்களில் முடிந்தது. இலாபம் யாருக்கென்பது வெளிப்படை. நோவு யாருக்கென்பதே நாம் ஈண்டுக் காண விழைவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் விட்னஸ், செயின்ட் ஹெலன்ஸ் ஆகிய ஊர்களின் ஆலைகள், உப்பைக் கந்தக அமிலத்தோடு காய்ச்சிச் சோடா செய்தன. அப்போது எழுந்த ஹைட்ரோகுளோரிக் அமில வாயு சுற்றுப்புறத்து மரங்களையும் பயிர்களையும் கருக்கியது. நிலக்கிழார்கள் வெகுண்டனர், டெர்பி பிரபு பிரபுக்கள் சபையில் முறையிட்டார். 1863-இல் காரத்தொழிற்சாலைச் சட்டம் பிறந்தது. வாயுவில் நூற்றுக்கு 95 பங்கையேனும் ஆலை பிடித்து அடக்க வேண்டும் என்பது விதி. அச்சட்டத்தின் முழுப் பெயரில் அமிலம் உண்டு, ஆலை உண்டு, தொழிலாளி இல்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் கண்ணில் இது படாமற் போகாது.

பிடித்த அமிலம் வீணாகவில்லை. அதிலிருந்து குளோரின் எடுத்து, சுண்ணாம்பில் ஏற்றி, வெளுப்புத் தூள் செய்தனர். அத்தூளை அறைக்குள் புகுந்து வாரிப் பீப்பாயில் அடைத்தவர்கள், கம்பளித் துணியைப் பல மடிப்பாக வாயில் இறுகக் கட்டி, முகத்தில் கொழுப்பைப் பூசி, கால்களில் காகிதம் சுற்றிக்கொண்டு வேலை செய்தனர். தோட்டத்து மரத்தைச் சுட்ட நஞ்சு இப்போது ஆலைக்குள்ளேயே மனிதனைச் சுட்டது.

காஸ்டிக் சோடா காய்ச்சியோர் நிலை இன்னும் கொடிது. அமிலம் பட்டால் உடனே எரியும். காரமோ தோலின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே ஆழ இறங்கும். தொடக்கத்தில் வலி தெரியாமலும் இருக்கலாம். கொப்பரையிலிருந்து தெறித்த ஒரு துளி கண்ணைக் குடித்துவிடும். உடனே, நெடுநேரம், ஏராளமான நீரால் கழுவுவதே அன்றும் இன்றும் முதல் உதவி. காரத்தை முறிக்கப் புளிக்காடி ஊற்றுவது தகாது.

1897-இல் ராபர்ட் ஷெரார்ட் என்னும் பத்திரிகையாளர் இத்தொழிலாளர் நிலையை 'இங்கிலாந்தின் வெள்ளை அடிமைகள்' என்ற நூலில் எழுதினார். முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்காமலே நஷ்டஈடு கோரும் உரிமையைப் பிரிட்டிஷ் சட்டம் அளித்ததும் அதே ஆண்டில்தான். ஆயினும் இரண்டு வாரமேனும் வேலைக்கு ஆகாதவனுக்கே அன்று அது கிட்டியது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் 1923-இல் இயற்றப்பட்டது. அதிலும் தொடக்கத்தில் பத்து நாட்களுக்கு மேல் முடங்கினாலன்றி ஈடு கிட்டவில்லை. வெந்த கையில் துணி சுற்றி மறுநாளே வேலைக்கு வந்தவன் அக்கணக்கில் சேரவில்லை.