விளாம்பழமும் பிரதியிடும் முறையும்

"எக்ஸ், ஒய்யெல்லாம் எந்தக் கடையில மாமா விக்குது?" நசரத்பேட்டையில் பக்கத்து வீட்டுப் பையன் கணக்கு நோட்டோட வந்து நின்னான்.

பழக்கடையிலதான்டான்னேன். சும்மா சொல்லலை மக்களே! கி.பி. 850 வாக்கில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் மகாவீரர் எழுதின 'கணித சார சங்கிரக'த்தில் இருக்கு. 9 நார்த்தம்பழம், 7 விளாம்பழம் சேர்த்து 107. 7 நார்த்தை, 9 விளா என்றால் 101. ஒவ்வொண்ணும் என்ன விலை?

பிரதியிடுவோம். முதல் வரிப்படி, விளா = (107 − 9 நார்த்தை) ÷ 7. இதை ரெண்டாவது வரியில் விளாவுக்குப் பதிலாப் போட்டு, 7ஆல் பெருக்கினா:

49 நார்த்தை + 963 − 81 நார்த்தை = 707

அதாவது 32 நார்த்தை 256. ஒண்ணு 8. விளா 5.

மகாவீரர் சூத்திரமாவே சொல்லிட்டார்: பெரிய எண்ணிக்கையைப் பெரிய விலையால் பெருக்கு (963), சின்னதைச் சின்னதால் பெருக்கிக் கழி (707), மீதியை எண்ணிக்கைகளின் வர்க்க வித்தியாசத்தால் (81 − 49) வகு. அதே 256, அதே 32!

சுவடிகளில் இருந்த இந்த நூலை ரங்காச்சார்யா ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பிக்க, 1912ல் மதராஸ் அரசு அச்சகம் வெளியிட்டது.

"அப்ப பரீட்சையில சூத்திரத்தையே எழுதிடவா?"

"எண்ணிக்கை ரெண்டும் இடம் மாறி வந்தாத்தான்டா அது செல்லும். 9, 7 போய் 4, 3 வந்தா என்ன பண்ணுவே? பிரதியிடக் கத்துக்கோ, எதுக்கும் கைகொடுக்கும்."

முனகிக்கிட்டே நோட்டைத் திறந்தான் :-)