ரோவன் ஓக் இல்லப் புகைப்படங்கள்

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர் (1897–1962), மிஸிஸிப்பி மாகாணத்து ஆக்ஸ்போர்டு நகரில் 1930-இல் வாங்கி அந்திமகாலம் வரை தம் உடைமையாகக் கொண்டிருந்த ரோவன் ஓக் என்னும் பழைய மரவீட்டையும், அதில் அவர் எழுதிய அறையையும் காட்டும் ஆவணப் படங்கள். இவற்றுள் பிரசித்தி பெற்றவை, மார்ட்டின் டேன் என்பவர் 1961 முதல் 1963 வரை எடுத்து, 1964-இல் நூலாக வெளியிட்டவை. ஆசிரியரோடு, அவருடைய யோக்னபடாஃபா என்னும் கற்பனைப் பிரதேசத்துக்கு ஆதாரமாயிருந்த லாஃபயெட் ஜில்லாவின் ஜனங்களையும் நிலக்காட்சிகளையும் இவை பதிவு செய்தன. மூலப் பிரதிகள் மிஸிஸிப்பி சர்வகலாசாலையின் சேகரத்தில் உள்ளன.

எழுத்தறைப் படங்களில் ஆடம்பரம் ஏதுமில்லை. ஜன்னலோரத்துச் சிறு மேஜை, அதன்மேல் அண்டர்வுட் தட்டச்சுப் பொறி, ஒடுக்கமான கட்டில் ஆகியவற்றுக்கு அப்பால் பார்வையை ஈர்ப்பது சுவரே. 1954-இல் வெளிவந்து மறு வருஷம் புலிட்சர் பரிசு பெற்ற ‘எ ஃபேபிள்’ நாவலின் கதைப்போக்கை, வாரநாட்களின் பெயர்களைத் தலைப்பாக இட்டு, ஃபாக்னர் தம் கையாலேயே அச்சுவரில் எழுதி வைத்தார். 1972-இல் சர்வகலாசாலை இவ்வீட்டை வாங்கிக் காட்சியகமாகப் பராமரித்து வருவதால், படங்களை மூலத்தோடு ஒப்புநோக்குவது ஆராய்ச்சியாளருக்கு இன்றும் சாத்தியமாகிறது.