ஒலிப்பதிவுக் கூடத்துள் நுழைந்த வயற்காட்டு மெட்டு

பாட்டு என்பது யாரோ ஒருவருடைய சிந்தையில் முழுமையாக உதித்து, அப்படியே கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது என்று அம்பிட்டியவில் என்னிடம் பயிலும் மாணவர் பலர் எண்ணுகின்றனர். அவர்களுக்கு ஒருநாள் ‘அன்னக்கிளி’யின் வரலாற்றைச் சொல்ல நேர்ந்தது. அதனையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

1976ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்திற்கு முன், அதன் இசையமைப்பாளர் பெயரைத் தமிழ்நாடு கேட்டதில்லை. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இராசையா, தமையனார் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராக வாசித்துத் திரிந்தவர். நாற்று நடுவோரும் களையெடுப்போரும் பாடிய மெட்டுகள் அவர் செவியில் ஏறியது எந்த ஏட்டின் வழியாகவும் அன்று. பின்னர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையின் இலக்கணம் கற்றார். பிறர் பாடல்களுக்குக் கிதார் வாசித்தும், ஜி. கே. வெங்கடேஷுக்கு உதவியாளராக உழைத்தும் பிழைத்தார். கதாசிரியர் செல்வராஜ் அவரைப் பஞ்சு அருணாசலத்திடம் அழைத்துச் சென்றார். கண்ணதாசனின் அண்ணன் மகனாகிய பஞ்சு, மெட்டுகளைக் கேட்டு வாய்ப்பளித்தார். பாட்டையும் தாமே எழுதினார். ராஜா என்ற பெயருக்கு முன்னே ‘இளைய’ என்ற அடையையும் சேர்த்தார்.

முதற்பாடலின் பதிவு தொடங்கும் வேளையில் மின்சாரம் நின்றது. சகுனம் பார்த்தவர்களும் அங்கே இருந்தனர். இளையராஜாவே மேடைகளில் சொன்ன செய்தி இது. நாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அன்றைய பதிவுமுறையை அறிந்தவர்க்குச் சிரிப்பு வராது. பாடகியும் தபேலாக்காரரும் வயலின்காரர்களும் ஒரே வேளையில் இசைக்க வேண்டும். ஒருவர் விரல் பிசகினாலும் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் கூலி உண்டு. கூடத்திற்கு வாடகை உண்டு. 1967 பெப்ரவரியில் இலண்டனில் பீட்டில்ஸ் குழுவினர் ‘ஏ டே இன் த லைஃப்’ பாடலுக்காக நாற்பது வாத்தியக்காரரை ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்து, அவ்வொலிகளை நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். அத்தகைய வசதி சென்னையில் ஒரு புதியவருக்கு ஏது? எஸ். ஜானகி அன்று பாடியதில் நாம் கேட்பது, அந்த அறையில் அந்த நிமிடங்களில் நிகழ்ந்ததையே.

இதனை நாட்டுப்பாடல் என்று புகழ்ந்து முடித்துவிடுவோர் உண்டு. அது பாதி உண்மை. மெட்டின் மண் வாசனை வயற்காட்டினுடையது. அதைச் சூழ்ந்த வாத்திய அமைப்போ தன்ராஜ் மாஸ்டரிடம் இரவு பகலாய்ப் பயின்ற உழைப்பினுடையது. ஏழை வீட்டுப் பிள்ளையின் திறமையை ‘இயற்கை’ என்று சொல்லி, அவன் படித்த படிப்பை மறைப்பது நம்மவர் வழக்கம்!

அப்பாடல்கள் வானொலியில் வந்த நாட்களில் என் பாட்டி கண்டிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்திருந்தது. பாட்டியின் தமக்கை தலைமன்னார் வழியே கப்பலேறியதும் அந்த ஆண்டில்தான். லயத்து வானொலியில் ஜானகியின் குரலைக் கேட்ட பாட்டி, “இது அக்கா மலையில பாடுற மெட்டுல்ல?” என்றாராம். ஒரே மெட்டாக இருந்திருக்க முடியாது. ஆயினும் பாட்டி சாகும்வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த மலைகளுக்கு ஒலிவாங்கி ஏந்தி வந்தவர் அரிது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார், சொற்கள் பிழைத்தன. ஏடு மெட்டைக் காக்காது. பாட்டி பாடியவற்றுள் பதினொரு பாடல்களின் சொற்கள் என் குறிப்பேட்டில் உள்ளன. மெட்டு தெரிந்தவர் இப்போது என் அத்தை ஒருவரே. அவருக்கு எழுபத்தெட்டு வயது, மூச்சு இரைக்கிறது. வரும் விடுமுறையில் கைப்பேசியோடு அவரிடம் செல்கிறேன்.