கட்டணமில்லாப் படிப்பு: அன்று கல்லூரி மணி, இன்று கைப்பேசித் திரை

இரட்டைமலை சீனிவாசன் நம் கோவையில் கல்லூரியில் படித்தவர். 1939இல் வெளிவந்த தன்வரலாற்றில் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே படித்த சுமார் 400 பேரில் 10 பேரைத் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் யாருடனும் பழகவில்லை. வெளியே எங்காவது உட்கார்ந்து வாசிப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் யாரும் தன்னை எட்டிவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார்.

இணையவழி இலவசப் படிப்புகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நமக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். திரைக்கு முன்னால் உட்காருபவரிடம் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை யாரும் பார்க்கலாம். 2017இல் ஸ்வயம் தளம் வந்தது. ஐ.ஐ.டி. வாசலை மிதிக்காத பிள்ளையும் அங்குள்ள பேராசிரியரின் பாடத்தைக் கேட்க முடிகிறது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க மாட்டோம்.

ஆனால் கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது என்பதை நம் வரலாறு முன்பே சொல்லியிருக்கிறது. 1894இல் சென்னையில் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தரவேண்டி வந்தது. சம்பளம் கேட்காத பள்ளிக்கும் பசியோடு பிள்ளைகள் வர முடியவில்லை.

போத்தனூரில் நாங்கள் பழகும் வீடுகளில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பாடம் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கோ ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். சலுகை இருப்பதே பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2013இல் தன் இணையப் பாடங்களில் சேர்ந்தவர்களிடம் கேட்டபோது, 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் என்று தெரிந்தது. திறந்த வாசலில் முதலில் நுழைந்தவர்கள் படித்தவர்களே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், தோழர்களே. ஸ்வயம் வழியாகப் பெறும் மதிப்பெண் அலகுகளுக்கு யு.ஜி.சி. 2016இல் 20 சதவீதம் வரை அனுமதி தந்தது. 2021இல் அதை 40 சதவீதம் ஆக்கியது. ஆசிரியர் பணியிடத்துக்கு இடஒதுக்கீடு உண்டு, பதிவு செய்த காணொளிக்குக் கிடையாது. காலியிடத்தைத் திரையால் நிரப்பினால், வகுப்பில் நம் பிள்ளைக்குத் துணையாக நிற்கக்கூடிய தலித் பேராசிரியரின் இடமும் சேர்ந்தே போகும்.

எனவே இணையப் பாடங்களைப் பயன்படுத்துவோம். கூடவே கேட்போம்: ஆதிதிராவிடர் விடுதிகளில் கணினியும் இணைய இணைப்பும், தமிழில் பாடம், தேர்வுக் கட்டணம் முழு விலக்கு, சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஓர் ஆசிரியர். சீனிவாசன் தனியாகப் படித்துக் கரையேறினார். நம் பிள்ளைகளும் தனியாகவே படிக்க வேண்டும் என்று விட்டுவிட முடியாது.