எந்தக் கண்ணால் பார்க்கிறாய்?

பரீட்சை ஹால். கேள்வித்தாளில் ஒரு வரிகூடப் புரியவில்லை. பேனாவில் மையும் இல்லை. பக்கத்து பெஞ்ச்காரன் அடிஷனல் ஷீட் கேட்டுக் கையை நீட்டுகிறான். வியர்த்துக் கொட்டும் அந்த நேரத்தில் தலைக்குள் யாரோ மெல்லச் சொல்கிறார்கள்: ‘அட, நாம்தான் டிகிரி வாங்கி இருபது வருஷம் ஆயிற்றே! இது கனவு.’

பெரும்பாலும் அந்த நொடியிலேயே விழிப்பு வந்துவிடும். சிலருக்கு மட்டும் வராது. அவர்கள் கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பறந்துபோவார்கள். ஆங்கிலத்தில் இதற்கு லூசிட் ட்ரீம் என்று பெயர். நாம் தெளிகனவு என்று வைத்துக்கொள்வோம். அரை நூற்றாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சுமார் 55 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வாய்த்திருக்கிறது என்கிறது. ஆக, சரக்கு பாதி வீடுகளில் இருக்கிறது. அது ஊர் ஊராகப் போய், பலபேர் கைமாறி, கடைசியில் விஞ்ஞானத்தின் வாசற்படி ஏறிய கதைதான் வேடிக்கை.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதைப் பார்த்திருக்கிறார். தூங்குகிறவனுக்குள்ளேயே ஏதோ ஒன்று ‘இது கனவு’ என்று சொல்வதுண்டு என்று கனவுகளைப் பற்றிய சிறு நூலில் போகிறபோக்கில் குறித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இதை வைத்து முதலில் பெரிய வாதம் ஒன்றைக் கட்டியவர் பாதிரியார், அதுவும் ஒரு டாக்டருடைய கனவைக் கடன் வாங்கி.

கி.பி. 415 வாக்கில் ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டின், எவோடியஸ் என்ற நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். கார்த்தேஜில் இருந்த கென்னாடியஸ் என்ற மருத்துவரின் கதை அதில் வருகிறது. நல்ல மனிதர், ஆனால் செத்தபின் வாழ்வு உண்டா என்பதில் அவருக்குச் சந்தேகம். ஒரு நாள் கனவில் ஓர் இளைஞன் வந்து அவரை ஒரு நகரத்துக்கு அழைத்துப்போய் இனிய பாட்டைக் கேட்கவைத்தான். மறுநாள் இரவும் வந்தான். ‘என்னைத் தெரிகிறதா? எங்கே பார்த்தாய்? விழித்திருந்தபோதா, தூக்கத்திலா?’ என்று வரிசையாகக் கேட்டான். தூக்கத்தில்தான் என்றார் டாக்டர். ‘இப்போது பார்ப்பதும் தூக்கத்தில்தான். சரி, உன் உடம்பு எங்கே?’ ‘கட்டிலில்.’ ‘அந்த உடம்பின் கண்கள் மூடித்தானே கிடக்கின்றன? அப்படியானால் என்னை எந்தக் கண்ணால் பார்க்கிறாய்?’ டாக்டரிடம் பதில் இல்லை. உடம்பின் கண் ஓய்ந்தாலும் பார்க்கிற ஏதோ ஒன்று ஓய்வதில்லை, சாவுக்குப் பின்னும் அப்படித்தான் என்று இளைஞன் பாடத்தை முடித்தான். பாடத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். கேள்வி மட்டும் பிரமாதமானது. அதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பதில் வர 1,600 ஆண்டுகள் பிடித்தன.

இந்தியாவில் சரக்கு வேறு பாத்திரத்தில் இருந்தது. விழிப்பு, கனவு, ஆழ்துயில், அதற்கும் அப்பால் துரியம் என்று மாண்டூக்ய உபநிடதம் நான்கு நிலைகளைப் பிரித்தது. நம் சைவ சித்தாந்திகள் துரியாதீதம் என்று இன்னொன்றையும் சேர்த்து அவத்தைகளை ஐந்தாக்கினார்கள். கனவுக்குள்ளேயே விழித்துக்கொள்வதைப் படிப்படியான பயிற்சியாக வளர்த்தவர்கள் வங்காளம், பீகார் பக்கத்துப் பௌத்தச் சித்தர்கள். அதை வாங்க 11ஆம் நூற்றாண்டில் திபெத்திலிருந்து ஒருவர் பொன்னோடு வந்தார். பெயர் மார்பா. மொழிபெயர்ப்பாளர், குடும்பஸ்தர், முன்கோபி என்று பெயரெடுத்தவர். நாரோபா என்ற குருவிடம் அவர் கற்றுக்கொண்டுபோன ஆறு யோகங்களில் ஒன்று கனவு யோகம். பகலெல்லாம் காண்பதைக் ‘கனவு, கனவு’ என்று நினைத்துப் பழகு. இரவில் கனவைக் கனவென்று பிடி. பிடித்தபின் நெருப்பைத் தண்ணீராக்கு, சிறியதைப் பெரியதாக்கு. மனத்தின் கைவண்ணம்தான் எல்லாம் என்பது புரிந்தால் சரி. பறந்து மகிழ்வதற்காக அல்ல, சாகும் நேரத்தில் ஏமாறாமல் இருப்பதற்கான ஒத்திகை அது. இந்தப் பொட்டலம் இமயமலை மடங்களில் பத்திரமாக இருக்கட்டும். பிறகு வருவோம்.

ஐரோப்பாவில் 1619 நவம்பர் 10 இரவு, ஜெர்மனியில் ஒரு வெதுவெதுப்பான அறையில் தங்கியிருந்த 23 வயது டேகார்ட்டுக்கு அடுத்தடுத்து மூன்று கனவுகள். மூன்றாவதில், தூங்கிக்கொண்டே அது கனவென்று தீர்மானித்து, எழுவதற்கு முன்பே அதற்குப் பொருள் சொல்லவும் தொடங்கிவிட்டாராம். அவரேதான் பின்னாளில், விழிப்பையும் கனவையும் பிரித்துக்காட்ட நிச்சயமான அடையாளம் எதுவும் இல்லை என்று எழுதித் தத்துவ உலகத்தின் தூக்கத்தைக் கெடுத்தார்.

எனக்கு மிகப் பிடித்தவர் அடுத்து வருகிறார். மார்க்கி ஹெர்வே தெ சான்-தெனி, பிரெஞ்சுப் பிரபு. தொழில் சீன மொழி. தாங் காலத்துக் கவிதைகளைப் பிரெஞ்சில் தந்தவர். பதிமூன்று வயதிலிருந்து கனவுகளைப் படம் வரைந்து வண்ணம் தீட்டிக் குறித்துவைத்தார்: 22 நோட்டுகள், 1,946 இரவுகள். பழகப் பழக, கனவில் இருக்கும்போதே கனவென்று தெரிய ஆரம்பித்தது. தெரிந்தவுடன் ஆராய்ச்சியில் இறங்கினார். விவாரே என்ற மலைப்பகுதிக்கு விடுமுறைக்குப் போகும்போது புதிய வாசனைத் தைலம் ஒன்றை வாங்கி, அங்கிருந்த நாளெல்லாம் கைக்குட்டையில் அதையே தெளித்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் குப்பியை மூடிவிட்டார். சில மாதம் கழித்து, ‘நான் தூங்கும்போது ஏதாவது ஓர் இரவில், எனக்குச் சொல்லாமல், தலையணையில் சில சொட்டு விடு’ என்று வேலைக்காரருக்கு உத்தரவு. சொட்டு விழுந்த இரவில் கனவில் விவாரே மலைகள் வந்தன. ஓர் ஓவியரின் கூடத்துக்கும் தனியாக ஒரு வாசனை வைத்திருந்தார். இரண்டையும் கலந்து தெளிக்கச் சொன்னபோது, விவாரே வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஓவியர் வந்து சேர்ந்தார், உடையில்லாத மாடல் பெண்ணோடு!

கனவில் செத்துப்பார்க்கவும் துணிந்தார். கனவென்று தெரிந்தே உயரத்திலிருந்து குதித்தார். அடுத்த காட்சியில் அவர் தேவாலயத்தின் முன்னே வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒருவராக நிற்கிறார், கோபுரத்திலிருந்து விழுந்த யாரோ ஒருவரின் பிணத்தைச் சுற்றி ஜனம் நெருக்குகிறது. மனம் எவ்வளவு சாமர்த்தியமாகக் கழன்றுகொள்கிறது பாருங்கள்.

இதையெல்லாம் 1867இல் புத்தகமாக்கினார், பெயர் போடாமல். அதே ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் சீனப் பகுதிக்குப் பொறுப்பாளர் அவர். கௌரவத்துக்குப் பயந்தாரோ என்னவோ. புத்தகம் சீக்கிரமே அரிதாகிவிட்டது. கனவுக்கே அதிகாரி என்று பெயர் வாங்கிய ஃபிராய்டு எவ்வளவு முயன்றும் ஒரு பிரதி கிடைக்கவில்லை என்று தம் நூலிலேயே எழுதினார். கிடைத்திருந்தால் இருபதாம் நூற்றாண்டுக் கனவு ஆராய்ச்சி கொஞ்சம் வேறு பாதையில் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

லூசிட் ட்ரீம் என்ற பெயரைப் பரப்பியவர் டச்சுக்காரர். ஃபிரெடெரிக் வான் ஈடன் மனநல மருத்துவர், நாவலாசிரியர், கூட்டுவாழ்வுக் குடியிருப்பு ஒன்றை நடத்திப் பார்த்தவர். 1898 முதல் 1912 வரை 352 தெளிகனவுகளைக் குறித்துவைத்து, 1913இல் லண்டனில் ஆவிகளை ஆராயும் ஒரு சங்கத்தின் இதழில் கட்டுரையாக்கினார். அதில் ஒரு கண்ணாடிக் கோப்பை வருகிறது. கனவென்று தெரிந்து அதைக் குத்தி உடைக்கிறார், உடையவில்லை. சற்றுக் கழித்துத் திரும்பிப் பார்த்தால் உடைந்து கிடக்கிறது. மேடையில் தன் வசனத்தைத் தாமதமாகச் சொல்லும் நடிகனைப் போல என்கிறார். சில்லை ஜன்னலுக்கு வெளியே எறிகிறார். சத்தம் கேட்கிறது, மிரண்டு இரண்டு நாய்கள் ஓடுகின்றன. பிறகு பக்கத்தில் இருந்த ஒயினையும் ருசி பார்க்கிறார், ருசி சரியாக இருக்கிறது. இதில் நான் கவனிப்பது வேறொன்றை. கனவென்று நன்றாகத் தெரிந்தும், விழித்திருக்கும்போது கண்ணாடியை இப்படிக் குத்துவது எவ்வளவு ஆபத்து என்று அந்த நேரத்திலும் யோசிக்கிறார். தெரிவது ஒரு பக்கம், நம்புவது ஒரு பக்கம்.

ஆவி ஆராய்ச்சிக்காரர்கள் இதழில் வெளிவந்ததே இந்தச் சரக்குக்கு வினையானது. கைரேகை, பேய்க்கதைகளோடு சேர்த்து இதையும் மூட்டை கட்டிவிட்டார்கள் விஞ்ஞானிகள். 1959இல் நார்மன் மால்கம் என்ற தத்துவப் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். ‘நான் தூங்குகிறேன்’ என்று ஒருவன் தூங்கிக்கொண்டே தீர்மானிப்பது அர்த்தமே இல்லாத பேச்சு என்று புத்தகம் போட்டார்.

ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சாவி தயாராகிவிட்டிருந்தது. சிகாகோவில் யூஜீன் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், பழைய மெஷின் ஒன்றைத் தூசி தட்டி, எட்டு வயது மகனின் கண்ணோரத்தில் கம்பிகளை ஒட்டித் தூங்கவைத்தார். நடு இரவில் முள் தாறுமாறாக ஓடியது. பையன் விழித்துவிட்டான் என்று போய்ப் பார்த்தால் அயர்ந்து தூங்குகிறான், மூடிய இமைக்குள் கண்கள் மட்டும் ஓடுகின்றன. 1953இல் உலகம் தெரிந்துகொண்ட ‘ரெம்’ உறக்கம் இதுதான். உயிரோட்டமான கனவுகள் அப்போதுதான் அதிகம் வருகின்றன. அந்த நேரம் கை, கால் தசைகள் செயலற்றுக் கிடக்கும், கண்ணுக்கு விலக்கு உண்டு.

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் பிடித்துக்கொண்டது இந்த விலக்கைத்தான். அடிக்கடி தெளிகனவு காணும் ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம், ‘கனவென்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக எட்டுத் தடவை அசை’ என்று சொல்லிவைத்தார். 1975 ஏப்ரல் 12 காலையில், காகிதத்தில் ஓடிய கோணல்மாணல் கோடுகளுக்கு நடுவே ஒழுங்கான ஏற்ற இறக்கங்கள் வந்தன. ஆள் உறங்குகிறார் என்பதற்கு மூளை அலைகள் சாட்சி, விஷயம் தெரிந்திருக்கிறார் என்பதற்குக் கண்கள் சாட்சி. மால்கம் முடியாது என்ற வாக்கியத்தை வோர்ஸ்லி கண்ணாலேயே எழுதிவிட்டார். அது ஹெர்னின் ஆய்வேட்டோடு நின்றது, பெரிய இதழ் எதிலும் ஏறவில்லை.

இதற்கிடையே அமெரிக்காவில் போலிச் சரக்கு அமோகமாக விற்றது. மலாயாக் காட்டுச் செனோய் மக்கள் தினமும் காலைச் சாப்பாட்டின்போது பிள்ளைகளுக்குக் கனவைக் கட்டுப்படுத்தச் சொல்லித்தருகிறார்கள், அதனால் அங்கே சண்டையும் குற்றமும் இல்லை என்று கில்டன் ஸ்டீவர்ட் என்பவர் 1951இல் எழுதியிருந்தார். அறுபதுகளின் கலிபோர்னியா அதை அப்படியே விழுங்கியது. கனவுப் பட்டறைகள் முளைத்தன. அந்த மக்களோடு வாழ்ந்த மானுடவியலாளர்கள் அப்படி ஒரு பாடசாலையைக் கண்டதே இல்லை. 1985இல் வில்லியம் டாம்ஹாஃப் கதையைப் பிரித்துப் போட்டார். எழுத்தாளர் கார்லோஸ் காஸ்டனேடாவும் தம் மெக்சிகோ குருவின் உபதேசமாக, கனவில் உன் கைகளைப் பார் என்று எழுதி விற்றார். குரு கற்பனை என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் கையைப் பார்க்கும் வித்தை பலருக்குப் பலித்தது! கனவில் விரல்களின் எண்ணிக்கை சரியாக இருப்பதில்லை, எழுத்தும் இரண்டாம் முறை படித்தால் மாறிவிடும். நம் சினிமாக் கதாநாயகர்கள் ‘என்னைக் கிள்ளிப் பாரு’ என்பார்கள். அது உதவாது. கனவில் கிள்ளினால் கனவிலேயே வலிக்கலாம்.

இப்போது மார்பாவின் பொட்டலத்தைப் பிரிக்கலாம். கேங்டாக் பள்ளித் தலைமையாசிரியர் காஜி தாவா சம்துப் ஆங்கிலத்தில் பெயர்த்த திபெத்திய யோக நூல்களை, திபெத்திய மொழி தெரியாத அமெரிக்கர் எவன்ஸ்-வென்ட்ஸ் 1935இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகக் கொண்டுவந்தார். மேல்நாட்டு அலமாரிகளில் கனவு யோகம் ஏறியது இப்படித்தான். பின்னாலேயே லாமாக்களும் வந்தார்கள். 1972இல் கலிபோர்னியா எசலென் மையத்தில், அரைகுறை ஆங்கிலத்தில் எதைக் காட்டினாலும் ‘இது... கனவு!’ என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தார் தர்தாங் துல்கு. கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர் ஸ்டீபன் லாபெர்ஜ்.

லாபெர்ஜ் பிறகு ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து, ஹெர்ன் செய்தது தெரியாமலேயே அதே கண்ணசைவு வழியைக் கண்டுபிடித்தார். கனவுக்குள் இடக்கை, வலக்கை முஷ்டிகளை மடக்கி, தம் பெயரின் முதலெழுத்துகளை மோர்ஸ் தந்தி மொழியில் அனுப்பினார். நிஜக் கைகள் அசையவில்லை, தசையில் சிறு துடிப்பு மட்டும் பதிவானது. பெரிய இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை 1981இல் ஒரு சிறிய இதழில் வந்தது. பிறகு புத்தகம், பயிற்சி முகாம், கனவு வந்ததும் சிவப்பு விளக்கு மினுக்கும் கண்பட்டை என்று கடை விரிந்தது. 2018இல் அவர் குழு 121 பேருக்கு கேலண்டமைன் கொடுத்துப் பார்த்தது. தெளிகனவு கண்டவர்கள் போலி மாத்திரையில் 14 சதவீதம், 8 மில்லிகிராமில் 42 சதவீதம். ஸ்னோடிராப் என்ற குளிர்ப்பிரதேச வெண்பூச் செடியில் கிடைத்து, பல்கேரியாவில் மருந்தாகி, மறதி நோய்க்குத் தரப்படும் சரக்கு அது. நினைவைக் காக்கும் மருந்து கனவில் ‘இது கனவு’ என்று நினைவூட்டுகிறது. டாக்டர் சொல்லாமல் விழுங்குகிற விஷயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, இதனால் பிரக்ஞையைப் பற்றித் தெரிந்தது என்ன? சாதாரணக் கனவில் நிறம் உண்டு, பயம் உண்டு, ‘நான்’ உண்டு. ‘இரு, இது நடக்கக்கூடியதா?’ என்று கேட்கிற வாட்ச்மேன் மட்டும் லீவில் இருக்கிறார். அனுபவிப்பது ஒரு வேலை, அனுபவிக்கிறோம் என்று அறிவது இன்னொரு வேலை. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதிகள் தெளிகனவில் மறுபடி சுறுசுறுப்பாவதை மியூனிக் ஆய்வாளர்கள் ஸ்கேனில் கண்டார்கள். ஆனால் ஒரே ஒருவரின் பதிவு அது. முழு நம்பிக்கை வைக்க இன்னும் காலம் இருக்கிறது.

கென்னாடியஸிடம் அந்த இளைஞன் கேட்ட கேள்விக்கு வருவோம். 2018இல் லாபெர்ஜ், பேர்டு, ஜிம்பார்டோ மூவரும் தெளிகனவு காண்பவர்களை, கனவுக் கைவிரலால் காற்றில் வட்டம் போட்டு அதைக் கண்ணால் தொடரச் சொன்னார்கள். கண்ணை மூடிக் கற்பனையில் தொடர்ந்தால் விழி விட்டுவிட்டுத் தாவும். நிஜ விரலைத் தொடர்ந்தால் வழுக்கிக்கொண்டு போகும். கனவில்? நிஜத்தைப் போலவே வழுக்கியது. கட்டிலில் மூடிக் கிடந்த அதே கண்கள்தான், இல்லாத விரலை இருப்பதாகவே பார்த்துக்கொண்டிருந்தன.

மூன்று ஆண்டு கழித்து, அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வுக்கூடங்கள் நான்கும் சேர்ந்து தூங்குகிறவர்களிடமே பேச்சுக் கொடுத்தன. எட்டில் ஆறு போனால்? அமெரிக்க இளைஞர் ஒருவரின் மூடிய இமைக்குள் விழிகள் இடம் வலமாக இரண்டு தடவை போய்வந்தன. பெரும்பாலான கேள்விகளுக்குப் பதிலே வரவில்லை, ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் சரியான விடை. எழுந்தபின், என்ன கணக்கு கேட்டார்கள் என்பதைச் சிலர் தப்பாகச் சொன்னார்கள். ஒருவருக்குக் கேள்வி, கனவில் அவர் போய்க்கொண்டிருந்த காரின் ரேடியோவிலிருந்து வந்ததாம்.