விசுவாசம், கிருபை, நற்செயல்: ஒரு கோட்பாட்டுத் தகராறின் வரலாறு

கிறிஸ்தவ இறையியலில் மனிதருக்கு மீட்பு எப்படி வாய்க்கிறது என்ற கேள்வியைச் சுற்றி மூன்று கருத்துகள் பின்னிக் கிடக்கின்றன. தகுதி பாராமல் கடவுள் தருவது கிருபை; கத்தோலிக்கர் இதை அருள் என்பர். அதைப் பற்றிக்கொள்வது விசுவாசம். அதிலிருந்து விளைவது, அல்லது அதனோடு சேர்ந்து நடப்பது, நற்செயல். கத்தோலிக்கம் செயலால் மீட்பு என்கிறது, புராட்டஸ்டன்டு மதம் விசுவாசத்தால் மீட்பு என்கிறது என்று பள்ளிப் பாடங்கள் சுருக்கிச் சொல்வதுண்டு. சபைகளின் சொந்த ஆவணங்களைப் புரட்டினால் இந்தச் சுருக்கம் நிற்காது. கிருபையின் துணையின்றித் தன் செயலாலேயே ஒருவர் கரையேறலாம் என்று எந்தப் பெரிய சபையும் அதிகாரபூர்வமாகப் போதித்ததில்லை; விசுவாசிக்கு நற்செயல் வேண்டாம் என்றும் போதித்ததில்லை. வழக்கு வேறொன்றைப் பற்றியது: கிருபை மனிதருக்குள் இறங்கி அவரை மாற்றுகிற ஆற்றலா, மனிதருக்கு வெளியே நின்று அவரை ஏற்றுக்கொள்ளும் கடவுளின் தீர்ப்பா? அதை வழங்கும் அதிகாரம் யாருடையது?

தகராறின் வேர் முதல் நூற்றாண்டிலேயே இருக்கிறது. கலாத்தியருக்கும் ரோமருக்கும் பவுல் எழுதிய கடிதங்கள் கி.பி. 50களைச் சேர்ந்தவை. அவர் முன் இருந்த சிக்கல் அன்றாடமானது: யூதரல்லாத ஒருவர் இயேசுவின் சமூகத்தில் சேர விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா? அந்தியோக்கியாவில் யூதரல்லாதாரோடு பந்தியில் அமர்ந்து உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னும் கண்டித்தார். சட்டத்தின் செயல்களால் யாரும் நீதிமானாவதில்லை என்ற வாதம் கலாத்தியர் கடிதத்தில் இந்தப் பந்தித் தகராறை ஒட்டியே வருகிறது. யாக்கோபின் கடிதம் இதற்கு நேர் எதிராகச் செயலில்லாத விசுவாசம் செத்தது என்கிறதே என்ற ஆட்சேபம் பழையது. இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் பவுலின் வாதம், மகன் பிறப்பதற்கு முன், வாக்குறுதியை மட்டும் கையில் வைத்திருந்த ஆபிரகாமின் மேல் நிற்கிறது. யாக்கோபோ ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய பிந்தைய ஆபிரகாமைக் காட்டுகிறார். முன்னவர் மறுப்பது நுழைவுக்கான தகுதிச் சீட்டை. பின்னவர் சாடுவது, பசித்தவனை வெறும் வாழ்த்தோடு அனுப்பிவிடும் விசுவாசியை. எதிராளிகள் வேறு வேறு. இருவரையும் ஒரே அவையில் மோதவிட்டது பிற்காலம்.

இரண்டாம் கட்டம் 5ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. பிரித்தானியாவிலிருந்து ரோம் நகருக்கு வந்த துறவி பெலாகியுஸ் ஒழுக்கத்தில் கண்டிப்பானவர். கட்டளையிடும் கடவுள் அதை நிறைவேற்றும் திறனையும் மனித இயல்பிலேயே வைத்திருக்கிறார் என்பது அவர் நிலை. இயலாமை என்பது சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு. ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் இதை ஏற்கவில்லை. ஆதாமின் வீழ்ச்சிக்குப் பின் மனித விருப்பமே நோய்ப்பட்டுவிட்டது, நல்லதை விரும்பவும் கிருபை வேண்டும் என்றார். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாகியக் கருத்துகளைக் கண்டித்தது. 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் விசுவாசத்தின் முதல் அசைவும் கிருபையின் வேலைதான் என்றது. அதே மூச்சில், கடவுள் யாரையும் தீமைக்கென்று முன்குறிக்கவில்லை என்றும் சொன்னது. கிழக்குச் சபைகள் இந்தச் சண்டைக்குள் ஆழமாகப் போகவில்லை. கடவுளும் மனிதரும் சேர்ந்து உழைப்பது அங்கே இயல்பான பேச்சு. அதற்காக அவர்கள் கிருபையைக் குறைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

அகுஸ்தீன் பார்வையில் கிருபை மனிதரைக் குணப்படுத்துகிறது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனஸ் அதை ஆன்மாவில் பதியும் ஒரு பண்பாகவே விளக்கி, அன்பால் உருப்பெற்ற விசுவாசமே மீட்புக்குரியது என்றார். ஏடுகளில் இது சீராக இருந்தது. சந்தையில் அப்படி இல்லை. 1517இல் யோகான் டெட்ஸல் ஜெர்மன் ஊர்களில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார். வசூலில் பாதி ரோமின் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கு. மறுபாதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தம் பதவிக்காக ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைக்க. அப்படியென்றால் கத்தோலிக்கச் சபை செயலால், ஏன், காசாலேயே மீட்பு என்றுதானே நடத்திக் காட்டியது என்று கேட்கலாம். மக்கள் அப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கோட்பாட்டின்படி அந்தச் சீட்டு, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு எஞ்சிய தண்டனையைக் குறைப்பது மட்டுமே. மார்ட்டின் லூத்தரின் 95 கருத்துரைகளும் முதலில் இந்த நடைமுறையின் மீதுதான் பாய்ந்தன. கோட்பாட்டில் அவர் அடித்த அடி அதைவிட ஆழமானது: நம்மை நீதிமானாக்குவது நமக்குள் ஊறும் பண்பன்று, நமக்கு வெளியே கிறிஸ்துவிடம் இருக்கும் நீதி, விசுவாசி நீதிமானாகவும் பாவியாகவும் ஒருசேர இருக்கிறான். நற்செயலை அவர் ஒதுக்கவில்லை. 1520இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். என்றாலும் யாக்கோபின் கடிதம் அவரை உறுத்தியது. 1522இல் அவர் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் பொருளடக்கத்தில் 23 நூல்களுக்கு எண் உண்டு. எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் என்ற நான்கும் எண் இல்லாமல் கடைசியில் தள்ளி நிற்கின்றன. ஒரு சீர்திருத்தவாதியின் மனச்சாய்வு அச்சுப் பக்கத்தில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவது அரிது.

பிளவு முற்றியபின் நடந்த ஒரு நிகழ்ச்சி போதிய கவனம் பெறுவதில்லை. 1541இல் ரேகன்ஸ்பர்க் நகரில் இரு தரப்பு இறையியலாளரும் பேச அமர்ந்தார்கள். புராட்டஸ்டன்டு தரப்பில் மெலாங்தன், பூசர், கத்தோலிக்கத் தரப்பில் எக், குரோப்பர். போப்பின் தூதராகக் கர்தினால் கொந்தாரினி உடனிருந்தார். நீதிமானாக்கப்படுதல் பற்றிய வாசகத்தில் அவர்கள் உடன்பட்டார்கள்! பேச்சு முறிந்தது நற்கருணையிலும் சபை அதிகாரத்திலும்தான். லூத்தருக்கு அந்த வாசகமே ஒட்டுப்போட்டதாகத் தோன்றியது, ரோமும் ஏற்கவில்லை என்பது வேறு கதை. 1547 ஜனவரி 13இல் கத்தோலிக்கச் சபையின் திரெந்து பொதுச்சங்கம் நீதிமானாக்கப்படுதல் பற்றிய தன் ஆணையை வெளியிட்டது. அதன் 33 விதிகளில் முதல் விதியே, கிருபையின்றித் தன் செயலால் நீதிமானாகலாம் என்போரைச் சபிக்கிறது. பள்ளிப் பாடச் சுருக்கத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை. லூத்தரன் தரப்பிலும் இப்படித்தான். மீட்புக்கு நற்செயல் அவசியம் என்று கெயோர்க் மாயோர் சொல்ல, அது மீட்புக்குக் கேடு என்றார் ஆம்ஸ்டோர்ஃப். 1577இன் இசைவு அறிக்கை இரண்டையுமே தள்ளியது. கத்தோலிக்கருக்குள் டொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் கிருபையும் மனித விருப்பமும் எப்படி இணைகின்றன என்று ஆண்டுக்கணக்கில் மோதினார்கள். 1607இல் போப் ஐந்தாம் பவுல் தீர்ப்புச் சொல்லாமலே இதை விசாரித்த அமர்வை முடித்துவைத்தார்.

அப்படியானால் இது வெறும் சொற்சண்டையா? இல்லை. சாகக் கிடப்பவர் எதைப் பற்றிக்கொள்வது என்பது இதில் அடங்கியிருக்கிறது. தான் கிருபையில் இருப்பதை எவரும் தவறாத உறுதியோடு அறிய முடியாது என்றது திரெந்து. அந்த உறுதிதான் விசுவாசம் என்றார் லூத்தர். கிருபையை மருத்துவம் என்று கொண்டால் உடம்பு தேறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தீர்ப்பு என்று கொண்டால் கேட்டதோடு அச்சம் தீர்கிறது. இரண்டாவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதைப் புராட்டஸ்டன்டினரே உணர்ந்தார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்களுக்கு எதிராகவே ஹாலே நகரில் லூத்தரன் பக்திமார்க்கத் தலைவர் பிராங்கே அநாதை இல்லமும் பள்ளிகளும் நடத்தினார். அந்தப் பக்திமார்க்க வட்டத்திலிருந்துதான் 1706இல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடி வந்தார். இங்கும் நற்செய்தியோடு பள்ளியும் அச்சகமும் சேர்ந்தே வந்தன. நாஜி ஜெர்மனியில், 1937இல், லூத்தரன் இறையியலாளர் போன்ஹோஃபர் மலிவான கிருபையைச் சாடினார். லூத்தரை மறுக்க அல்ல, அவர் பெயரால் நடந்த சோம்பலை மறுக்க.

1977இல் புதிய ஏற்பாட்டு அறிஞர் ஈ. பி. சாண்டர்ஸ் எழுதிய நூல், பவுல் காலத்து யூத மதமும் கிருபையை அடித்தளமாகக் கொண்டது என்று வாதிட்டது. பவுலை லூத்தரின் கண்ணாடி வழியே படித்த வழக்கம் அதன்பின் ஆட்டம் கண்டது. 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் உலக லூத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையொப்பமிட்டு, 16ஆம் நூற்றாண்டுக் கண்டனங்கள் அந்த அறிக்கையில் சொல்லப்பட்ட போதனைக்குப் பொருந்தா என்றன. அதற்கு முந்தைய ஆண்டு வத்திக்கான் தயங்கியதும் நீதிமானும் பாவியும் ஒருவனே என்ற பழைய வாசகத்திடம்தான். ஒரு பிற்சேர்க்கை எழுதித்தான் கடந்தார்கள். ஜெர்மன் புராட்டஸ்டன்டு இறையியலாளர் நூற்றுக்கு மேற்பட்டோர் எதிர்த்தார்கள். மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்த சபைகளின் உலக ஒன்றியம் 2017இலும் அறிக்கையோடு இணைந்தன. சபை அதிகாரம், குருத்துவம், திருவருட்சாதனங்கள் ஆகியவற்றை அந்த அறிக்கையே பின்னர் பேச வேண்டியவை என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. கையொப்பமிட்ட இரு சபைகளும் இன்றுவரை ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்வதில்லை.